களிம்பின் சாட்சி

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் என் அத்தை குடியிருந்த வீட்டின் கூடத்தில், கிழக்குச் சுவரை ஒட்டி, தேக்கு மரத்தாலான கோயிலாழ்வார் ஒன்று இருந்தது. வீட்டில் பெருமாளை எழுந்தருளப் பண்ணும் பெட்டிக்கு ஸ்ரீவைஷ்ணவர்கள் வழங்கும் பெயர் அது. அதற்குள் நாலைந்து சாளக்கிராமங்களுக்கு நடுவே, நாலு விரற்கடை உயரத்தில், வார்ப்பு விக்கிரகமாக ஒரு தவழும் கண்ணன் இருந்தான். அவன் முகம் எப்படியிருந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. மூக்கு இல்லை, கண்கள் இருந்த இடத்தில் இரண்டு நிழல்கள், வலக்கையிலிருந்த வெண்ணெய் உருண்டை விரல்களோடு கரைந்து ஒரே மொழுக்கையாகியிருந்தது.

"அத்தை, கண்ணனுக்கு மூக்கு எங்கே?"

"தேஞ்சு போச்சுடா. அஞ்சு தலைமுறையாத் திருமஞ்சனம் கண்டருளியிருக்கார். தேயாம என்ன பண்ணும்?" என்று சொல்லிக்கொண்டே, அவள் கொட்டைப்பாக்களவு புளியை எடுத்து மறுபடியும் தேய்க்கத் தொடங்குவாள்.

பல வருஷங்களுக்குப் பிறகு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் நின்றபோது அந்த மூக்கில்லாத கண்ணன் என் நினைவுக்கு வந்தான். அங்கேயுள்ள திருமேனிகளிற் பல மண்ணுக்கடியிலிருந்து எடுக்கப்பட்டவை. பூஜையில்லாமல், நெய்விளக்கில்லாமல், மழையீரமும் கறையான் புற்றும் சூழ நூற்றாண்டுக் கணக்கில் கிடந்தவை. ஆயினும் அவற்றின் விரல் நகங்களை எண்ணலாம். இடையாடையின் மடிப்புக்களைத் தடவிப் பார்க்கலாம். ஸ்தபதியின் சிற்றுளி கண்ணிமையில் இழுத்த கோடு அப்படியே நிற்கிறது. நாள்தோறும் கண்ணுங்கருத்துமாகப் பேணப்பட்ட பொம்மை உருத்தெரியாமற் போவதும், கேட்பாரற்றுக் கிடந்த பொம்மை நகத்தோடும் இமையோடும் எழுந்து வருவதும் எப்படி?

விடையைத் தேடி நான் போக வேண்டியிருந்த தூரம் கொஞ்சமன்று. ரோமாபுரி வரையிற் போக வேண்டியிருந்தது.

நான் பிறந்தது துறையூருக்கு வடக்கே, பச்சைமலையின் அடிவாரத்தில். எங்கள் பக்கத்தில் வீட்டைக் காக்கும் தெய்வத்துக்குப் பெட்டியும் கிடையாது, வார்த்த உருவமும் கிடையாது. வேப்பமரத்தடியில் ஒரு கல், அதன் அருகில் நட்ட இரும்பு வேல், எல்லையில் அரிவாளோடு ஒரு கருப்பு, அவ்வளவுதான். மலைமேல் தென்பரநாட்டிலும் வண்ணாட்டிலும் குடியிருக்கும் மலையாளி மக்கள், காஞ்சீபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த மூன்று அண்ணன்மாரில் ஒருவர் தங்கிய மலை இது என்று கதை சொல்லுவார்கள். தெய்வம் இடத்தைக் காப்பது, குடியைக் காப்பது என்ற இரண்டு எண்ணங்களும் அடிவாரத்திலும் மலைமேலும் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன. இதை நம் நாட்டுக்கே உரிய வழக்கம் என்று நான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைக் கலைத்தது ஒரு புத்தகத்திற் கண்ட படம்.

படத்தில் இருந்தது சாண் உயரமுள்ள ஒரு வெண்கல இளைஞன். சுருட்டை மயிர், முழங்காலுக்கு மேலே காற்றிற் பறக்கும் குட்டை அங்கி, ஒரு காலை எட்டி வைத்துக் குதித்தாடும் நிலை; உயர்த்திய கையில் மதுவூற்றும் கொம்பு, மற்றக் கையில் ஒரு சிறு தட்டு. ரோமானியர் இவனை லார் என்றார்கள், பன்மையில் லாரெஸ். ஒவ்வொரு வீட்டிலும் சுவரிற் குடைந்த மாடத்திலோ மரப்பெட்டியிலோ இவன் இருப்பான். அந்த மாடத்துக்கு லராரியம் என்று பெயர். குடும்பத்தலைவன் இவனுக்குத் தூபமிட்டு, உண்ணும் உணவில் ஒரு பங்கு படைப்பான். பையன் ஆளானதும், குழந்தைப் பருவத்தில் கழுத்தில் கட்டியிருந்த காப்புத் தாயத்தைக் கழற்றி இவன் முன்னே வைப்பான். நம் பழந்தமிழ்க் குழந்தைகளின் ஐம்படைத்தாலியை அது நினைப்பூட்டுகிறது. புக்ககம் வரும் மணமகள் கொண்டு வரும் மூன்று காசுகளில் ஒன்று கணவனுக்கு, ஒன்று வீட்டு லாருக்கு, ஒன்று நாற்சந்தி லாருக்கு. ஆம், நாற்சந்தியிலும் லாரெஸ் உண்டு. நம் எல்லைச்சாமியின் உத்தியோகந்தான். அகஸ்தஸ் சக்கரவர்த்தி கி.மு. 7-ல் தலைநகரின் பேட்டைகளை ஒழுங்கு செய்தபோது இந்தச் சந்திக் கோயில்களையே நடுவாக வைத்துப் பிரித்தான். பிற்பாடு பிளினி என்னும் நூலாசிரியன் அத்தகைய சந்திகள் ரோமில் 265 என்று எண்ணிச் சொல்லியிருக்கிறான். பாம்பேய் நகரத்தில் வெத்தியர் இல்லம் என்று வழங்கும் வீட்டின் லராரியத்தில் இரண்டு லாரெஸ் ஆடிக்கொண்டிருக்க, நடுவே குடும்பத்தலைவனின் காவற்சக்தி முக்காடிட்டு நிற்க, கீழே ஒரு பாம்பு ஊர்ந்து வருவதாகச் சித்திரம் தீட்டியிருக்கிறார்கள். புற்றுக்குப் பால் வார்க்கும் நாட்டிலே பிறந்தவனுக்கு இந்தப் படத்தை விளக்க வேறொருவர் வேண்டியதில்லை.

ஆனால் விஷயம் சமயத்தைப் பற்றியதன்று, உலோகத்தைப் பற்றியது. அத்தையின் கண்ணனும் ரோமானிய லாரும் உடம்பாலே சகோதரர்கள்.

தனிச் செம்பு வார்ப்புக்கு வசப்படாத உலோகம். 1085 டிகிரி வெப்பத்தில்தான் அது உருகும். உருகினாலும் காற்றை விழுங்கிக் குமிழ் குமிழாகப் பொங்கும். ஆறினால் மெத்தென்று இருக்கும். வெள்ளீயமோ 232 டிகிரியிலேயே உருகிவிடும். பத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயத்தைச் செம்போடு சேர்த்தால், அது உருகும் நிலையும் தாழ்கிறது, ஆறிய பின் அதன் உறுதியும் ஏறுகிறது. இரண்டு மெல்லிய பொருள்கள் சேர்ந்து ஒரு வன்பொருளாவது எப்படி என்றால், ஒரே அளவுள்ள நெல்லிக்காய்களைத் தட்டில் வரிசை வரிசையாக அடுக்கிப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஒரு வரிசை மற்றொன்றின்மேல் எளிதாக வழுக்கிக்கொண்டு போகும். அங்கங்கே சற்றுப் பெரிய நெல்லிக்காய் ஒன்றைச் செருகிவிட்டால் வரிசைகள் தட்டுப்பட்டு நிற்கும். செம்பின் அணுக்களுக்கு நடுவே சற்றுப் பெரிய வெள்ளீய அணுக்கள் செய்யும் காரியம் அதுதான். இந்தக் கலவையே வெண்கலம்.

மூன்றாவதாக ஈயம் சேர்கிறது. இது வேறு சுபாவமுள்ளது. செம்போடு ஈயம் உண்மையிற் கலப்பதில்லை. ஆறும்போது தனித்தனித் துளிகளாகப் பிரிந்து, புளியோதரையில் நிலக்கடலை போல, அங்கங்கே பதிந்துவிடுகிறது. ஆனால் உருகிய நிலையில் கலவையை நீர்போல ஓடச் செய்து, விரல் நுனி, அங்கி விளிம்பு போன்ற இடுக்குகளுக்கெல்லாம் கொண்டு சேர்ப்பது அதுவே, விலையும் மலிவு. ரோமானியர் இதைத் தாராளமாகவே சேர்த்தார்கள். நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் ஈயமுள்ள சிற்றுருவங்கள் உண்டு. நம் ஸ்தபதிகளின் கணக்கு பஞ்சலோகம். பொன்னும் வெள்ளியும் அதிலே சேர்த்தி. பழந்திருமேனிகளைச் சோதித்துப் பார்த்தாலோ, பெரும்பாலும் அவை ஈயங்கலந்த வெண்கலமாகவே இருக்கின்றன. பொன்னும் வெள்ளியும் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறுவதில்லை. இதைக் கேட்டு ஸ்தபதி ஏமாற்றினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். வார்க்கும் வேளையில் பக்தர்கள் கழற்றிக் கொடுக்கும் தோடும் மோதிரமும் மூசையில் விழுகின்றன. ஒரு மணு வெண்கலத்தில் இரண்டு மோதிரம் எவ்வளவு பங்காகும்? பஞ்சலோகம் என்பது சங்கற்பத்தின் கணக்கு, தராசின் கணக்கன்று.

வார்க்கும் முறையும் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்து உருவத்தை முழுதாகச் செய்துகொள்வார்கள். சுவாமிமலையில் இன்றும் அதன்மேற் பூசும் முதற் பூச்சு காவிரியின் வண்டல். அரிசிமாவு போல் நைந்த அந்த மண்தான் மெழுகிலுள்ள நகக்கோட்டைக்கூடத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் முரட்டு மண், அதற்கு மேல் கம்பிக் கட்டு. நெருப்பில் வாட்டினால் மெழுகு உருகி ஓடிவிட, உள்ளே மெழுகின் வடிவில் வெற்றிடம் நிற்கிறது. அதிலே உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியபின் மண்ணை உடைத்தால்தான் உருவம் வெளிப்படும். ஆகவே ஒரு கருவுக்கு ஒரே பிள்ளை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய அரசன் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசத்தில் இந்த முறை வருணிக்கப்பட்டிருக்கிறது. மெழுகை முதலில் நிறுத்துக்கொண்டு, அதற்கு இத்தனை மடங்கு உலோகம் என்று எடுக்க வேண்டும் என்பது அதன் விதி. மெழுகு தண்ணீரில் மிதக்கும் பொருள், வெண்கலமோ தண்ணீரைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு கனமுள்ளது. ஆகவே ஒரு பலம் மெழுகு விட்டுப்போன இடத்தை நிரப்ப ஒன்பது பலம் வெண்கலம் வேண்டும். அடர்த்தி என்ற சொல்லை எழுதாமலே அடர்த்தியின் சாஸ்திரத்தைக் கையாண்டவர்கள் அவர்கள்.

இரு நாட்டாரும் வேறுபடும் இடம் ஒன்றுண்டு. சிறிய வேறுபாடாகத் தோன்றினாலும் பின்னால் அதுவே பெரிதாகப் போகிறது. சிறு பொம்மைகளை ரோமானியரும் கனமாகவே வார்த்தார்கள். ஆளுயரச் சிலையென்றால் உள்ளே மண்கருவை வைத்து, அதன்மேல் மெல்லிய தோலாக மெழுகைப் பூசி, உள்ளீடற்ற பொள்ளல் வார்ப்பாகச் செய்தார்கள். நம் சோழநாட்டு ஸ்தபதிகள் நாலடி உத்ஸவரையும் தலை முதல் பாதம் வரை கனவார்ப்பாகவே ஊற்றினார்கள். தோளிலே சுமந்து வீதிவலம் வருபவர்களைக் கேட்டால் அந்தக் கனத்தைச் சொல்லுவார்கள்.

இப்போது களிம்புக்கு வரலாம்.

பச்சைமலைக்குப் பச்சை நிறத்தைத் தருவது இலையிலுள்ள பச்சையம். அந்தப் பச்சையத்தின் நடுவே உட்கார்ந்திருப்பது மக்னீசியம். விக்கிரகத்தின் பச்சைக்குக் காரணம் செம்பு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, காரணத்தால் வேறு. புதிதாகத் துலக்கிய செம்பின்மேல் காற்றிலுள்ள பிராணவாயு பட்டவுடன் செந்நிறமான ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. இதற்குக் குப்ரைட் என்று பெயர். ஈரமும் கரியமிலவாயுவும் சேர்ந்தால் அதற்கு மேலே பச்சைப் படலம் வளர்கிறது. இது மாலகைட் என்னும் தாது. பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் செப்புத்தாதுக்களில் மாலகைட்டும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். மனிதன் தாதுவை நெருப்பில் இட்டு உலோகமாக்குகிறான். உலோகமோ சமயம் வாய்த்தபோதெல்லாம் தாதுவாகத் திரும்பவே முயல்கிறது. களிம்பு என்பது உலோகம் பிறந்தகத்துக்குத் திரும்பும் பிரயாணம்.

இந்தப் பிரயாணம் நடக்கும் முறையில்தான் நம் புதிருக்கு விடை இருக்கிறது. மண்ணில் மெதுவாகக் களிம்பேறும்போது, செம்பணுக்கள் ஒவ்வொன்றாக வெளியேற, அவை விட்டுப்போன இடத்திலேயே செந்நிறப் படலம் குடியேறுகிறது. ஊரார் ஒருவர்பின் ஒருவராக வீட்டை விற்றுக்கொண்டு போனாலும் தெருவின் அமைப்பு மாறாமல் நிற்பதுபோல, உலோகம் போன பின்பும் உருவத்தின் எல்லை மாறுவதில்லை. வெளியேறிய செம்பு அந்த எல்லைக்கு அப்பால் பச்சையாகப் படிகிறது. வார்த்த அன்றைக்கு இருந்த மேற்பரப்பை, ஒரு சௌகரியத்துக்காக, பிறவித்தோல் என்று சொல்லுவோம். நகக்கோடும் இமைக்கோடும் இருப்பது பிறவித்தோலில். அந்தப் பிறவித்தோல் இருப்பதோ களிம்புக்குள்ளே, பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில். மண்ணில் கிடந்த விக்கிரகத்தை, உலோகம் பளபளக்கும் வரை தேய்ப்பவன், அழுக்கை எடுப்பதாக நினைத்துக்கொண்டு முகத்தையே எடுத்துவிடுகிறான்.

அத்தையின் கண்ணனுக்கு நேர்ந்ததும் இதே காரியத்தின் மறுபக்கம். புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலம் செம்பின்மேற் படிந்த படலத்தை அழகாகக் கரைக்கும். ஆனால் அந்தப் படலம் வெளியிலிருந்து வந்து ஒட்டிய தூசியன்று. கண்ணனுடைய உடம்பிலிருந்தே எழுந்தது. இன்றைக்குத் தேய்த்தால் நாளைக்குப் புதுப்படலம் புதுச் செம்பை எடுத்துக்கொண்டு எழும். அடுத்த ஏகாதசிக்கு அதுவும் புளியோடு போகும். வட்டி கட்டுவதாக நினைத்து முதலையே கொடுத்துக்கொண்டிருக்கும் குடும்பத்தின் கதை இது. அஞ்சு தலைமுறையில் மூக்கு போகாமல் என்ன செய்யும்?

சைவ சித்தாந்திகள் ஆணவமலத்துக்குச் சொல்லும் உவமை செம்பிற் களிம்பு. செம்போடு கூடவே பிறந்து, அதன் ஒளியை மறைத்து நிற்பது களிம்பு. உயிரோடு கூடவே இருந்து அதன் அறிவை மறைப்பது ஆணவம். களிம்பு வெளியிலிருந்து வருவதன்று என்ற வரையில் ரசாயன சாஸ்திரி இந்த உவமைக்குத் தலையசைப்பான். நீக்க வேண்டிய மலம் என்ற இடத்தில்தான் அவன் தயங்குவான். ஏனெனில் அவனுக்கு அது மலமன்று, பிரமாணம்.

எல்லாக் களிம்பும் ஒரே ஜாதி என்றும் நினைத்துவிடக் கூடாது. மண்ணில் உப்பு மிகுந்திருந்தால் குளோரின் உலோகத்துக்குள் புகுந்துகொள்கிறது. கடலோரத்து விக்கிரகங்களுக்கு இந்த அபாயம் அதிகம். வெளியில் எடுத்துக் காற்றோட்டமான கூடத்தில் வைத்த பிறகு, ஒரு மழைக்காலத்தில், இளம்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாகப் பூக்கத் தொடங்கும். உள்ளே பதுங்கியிருந்த குளோரின் ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்று, தின்றபின் விடுதலையாகி, மறுபடியும் புதுச் செம்பைத் தின்னப் போகும். வெண்கல நோய் என்றே இதற்குப் பெயர். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-ல் இதற்காகவே ஒரு ரசாயனச் சாலை தொடங்கினார்கள்; எஸ். பரமசிவன் என்னும் ரசாயன அறிஞர் அங்கே நோயுற்ற திருமேனிகளை மின்பகுப்புத் தொட்டியில் இட்டு, மின்சாரத்தின் துணையால் குளோரினை வெளியேற்றிக் காப்பாற்றினார். ஒரு ராஜதானியின் தெய்வங்களுக்கு நடந்த ஆஸ்பத்திரி அது. அந்தச் சிகிச்சையில் நோயோடு நல்ல களிம்பும் போய்விடும் என்பதனால் இக்காலத்தார் அதை எளிதிற் கையாளுவதில்லை. ஆனால் அன்றைக்கு அது இல்லாவிட்டால் இன்றைக்குத் தயங்குவதற்குச் சில விக்கிரகங்களே இருந்திரா.

உலோகத்தின் பூர்வோத்தரத்தை அறிய வேறொரு வழியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கலவையில் ஈயம் இருக்கிறதென்று சொன்னேன். ஈயத்தில் நாலு வகை அணுக்கள் உண்டு. ரசாயனக் குணத்தில் நாலும் ஒன்று, எடையில் மட்டும் சற்றே வேறு. தனிமங்களின் அட்டவணையில் ஒரே ஆசனத்தில் உட்காருவதால் இவற்றுக்கு ஓரிடத்தான்கள் என்று பெயர். ஐசோடோப்பு என்பதும் இதுவே. நாலில் மிக இலேசானது உலகம் தோன்றிய நாள் தொட்டு அதே அளவில் இருக்கிறது. மற்ற மூன்றும் யுரேனியமும் தோரியமும் கோடானுகோடி ஆண்டுகளாகச் சிதைந்து சிதைந்து ஈயமாவதனால் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே வந்தவை. ஒரு மலையில் ஈயத்தாது எந்தக் காலத்தில் உறைந்தது, அதன் அண்டையில் எவ்வளவு யுரேனியம் இருந்தது என்பதைப் பொறுத்து அந்தத் தாதுவின் நாலு பங்குகளும் அமைகின்றன. பிறகு அதை உருக்கினாலும், கலந்தாலும், வார்த்தாலும், களிம்பேறினாலும் அந்த விகிதம் மாறுவதில்லை. வேஷம் மாறலாம், ஊர் மாறலாம், உத்தியோகம் மாறலாம், கோத்திரம் மாறாது. கடுகளவு உலோகத்தைச் சுரண்டியெடுத்து, அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் கருவியிலிட்டால் அது கோத்திரத்தைச் சொல்லிவிடும்.

பெங்களூரைச் சேர்ந்த உலோகத் தொல்லியல் அறிஞர் சாரதா ஸ்ரீநிவாசன் நூற்றுக்கு மேற்பட்ட தென்னிந்தியத் திருமேனிகளை இந்த வகையிற் சோதித்தார். காலம் ஐயமறத் தெரிந்த விக்கிரகங்களின் கோத்திரங்களை முதலில் வகுத்துக்கொண்டு, காலம் தெரியாதவை எந்த வகுப்போடு சேர்கின்றன என்று பார்ப்பது அவருடைய முறை. சோழர் காலத்தவை என்று எல்லோரும் கருதிய நடராஜர்களில் பிரிட்டிஷ் மியூசியத்திலுள்ள ஒன்று பல்லவர் காலத்துக் கூட்டத்தோடு சேர்கிறதென்று அவர் சொன்னபோது சிற்ப நூல் வல்லாரிடையே சலசலப்பு ஏற்பட்டது, இன்னும் அடங்கிவிடவில்லை. இந்த முறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. பழம்பாத்திரத்தையும் உடைந்த மணியையும் சேர்த்து உருக்கிவிட்டால் கோத்திரங்கள் கலந்துபோகும். கலந்தபின் எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது. அதிலும் நம் நாட்டுக்குச் செம்பும் ஈயமும் பல திசைகளிலிருந்து வந்திருக்கின்றன. ஆந்திர நாட்டு அக்னிகுண்டலத்தில் செம்புத் தாதுவும் ஈயத் தாதுவும் உண்டு. கன்னட நாட்டுச் சித்திரதுர்க்கத்தின் பக்கத்திலும் செம்பு உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிவைத்த எரித்திரியக் கடற்பயண நூல், சேரநாட்டு முசிறித் துறையில் இறங்கிய சரக்குகளிடையே செம்பு, வெள்ளீயம், ஈயம் மூன்றையும் சொல்கிறது. திருச்சிக்கு மேற்கே கருவூரில் அமராவதி மணலிற் கிடைக்கும் ரோமானியக் காசுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. கோலாப்பூரில் பிரம்மபுரி மேட்டைத் தோண்டியபோது 1944-45-ல் வெண்கலக் குவியலொன்றில் ரோமானியக் கடல்தெய்வத்தின் கையடக்கமான விக்கிரகமே அகப்பட்டது. வீட்டு லாரை வார்த்த அதே சுரங்கத்து ஈயம் நம்மூர்க் குத்துவிளக்கு ஒன்றில் கலந்திருக்குமானால் அதைக் கண்டுபிடிக்கக் கூடிய ஒரே வழி இந்தக் கோத்திர சோதனைதான்.

ஆனால் வருஷம் என்ன என்று கேட்டால் உலோகம் வாய் திறவாது. கரிமக் கணக்கு ஒரு காலத்தில் உயிரோடிருந்த பொருளுக்கே செல்லும், வெண்கலத்துக்குச் செல்லாது. மண்கரு உள்ளே இருந்தால் மட்டும் வேறொரு வழி உண்டு. மண்ணிலுள்ள படிகத் துகள்கள், சுற்றியுள்ள கதிரியக்கத்தின் சக்தியைக் கோயில் உண்டியல் காசு வாங்குவதுபோல் நாள்தோறும் வாங்கிச் சேர்த்துக்கொண்டே இருக்கின்றன. வார்ப்பின் நெருப்பு அந்த உண்டியலை ஒரு தடவை முழுதும் காலி செய்துவிடும். அன்று முதல் மீண்டும் நிரம்புகிறது. இன்றைக்கு ஒரு துகளை எடுத்துச் சூடாக்கினால் சேர்ந்திருந்த சக்தி மங்கிய ஒளியாக வெளிப்படும். ஒளி எவ்வளவோ, அவ்வளவு காலம். வெப்ப ஒளிர்வு முறை என்று இதைச் சொல்லுகிறோம். பொள்ளல் வார்ப்புச் சிலைகள் தங்கள் வயிற்றில் இந்த உண்டியலைச் சுமந்துகொண்டிருக்கின்றன. நம் கனவார்ப்புத் திருமேனிகளுக்கோ வயிறே இல்லை. எந்தக் கைத்திறத்தைக் குறித்து நாம் பெருமைப்படுகிறோமோ, அதுவே அவற்றின் ஜாதகத்தை அழித்துவிட்டது.

ஆதலால் இப்படிப்பட்ட பொருளுக்குக் கால நிர்ணயம் பெரும்பாலும் அது கிடந்த இடத்தால்தான் கிடைக்கிறது. பாம்பேய் லாரெஸ் எவ்வளவு பழையவை என்பதில் ஒரு பக்க எல்லைக்கு ஐயமே இல்லை, கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை அந்த நகரத்தைச் சாம்பலால் மூடியது, அதன் கீழுள்ளதெல்லாம் அதற்கு முந்தியது. நம் நாட்டில் அப்படி ஒரே நாளில் மூடிய மலை இல்லை, மனிதர்கள்தான் மூடினார்கள். பதினாலாம் நூற்றாண்டின் படையெடுப்பில் நம்பெருமாளையே ஸ்ரீரங்கத்தைவிட்டு எழுந்தருளப் பண்ணிக்கொண்டு போக வேண்டியிருந்தது; 1371-லேதான் அவர் திரும்பி வந்தார். சுமந்து செல்ல ஆளும் பொருளும் இல்லாத சிற்றூர்கள் தங்கள் திருமேனிகளைக் குழிவெட்டிப் புதைத்தன. புதைத்தவர்கள் திரும்பி வராத இடங்களிலிருந்து இன்றைக்கும் ஏர் உழுகிறபோதும் கடைக்கால் தோண்டுகிறபோதும் அவை எழுந்துகொண்டிருக்கின்றன.

மண்ணின் சாட்சி எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதற்கு லண்டன் நீதிமன்றத்தில் ஏறிய ஒரு வழக்கே போதும். தஞ்சைச் சீமையில் பத்தூர் என்ற சிற்றூரில் 1976-ல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராஜர், கைமாறிக் கடல் கடந்து, ஒரு கனடாக் கம்பெனியால் விலைக்கு வாங்கப்பட்டார். இது பத்தூர்ச் சிலைதான் என்று நிரூபிப்பது எப்படி? தொல்லியலறிஞர் இரா. நாகசாமி உள்ளிட்டோர் சாட்சி சொன்னார்கள். சிற்பத்தின் பாணி, அதே குழியில் அகப்பட்ட மற்றத் திருமேனிகளின் உலோகம் இவற்றோடு, நடராஜர்மேல் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் போட்ட மண்தடமும் பத்தூர் மண்ணோடு ஒப்பிடப்பட்டன. 1988-ல் தீர்ப்பு கோயிலுக்குச் சாதகமாயிற்று. மேல்முறையீடும் தோற்ற பின் 1991-ல் நடராஜர் தாயகம் திரும்பினார். வாங்கியவர்களோ வழியில் வைத்திருந்தவர்களோ ஒரு நாள் புளிபோட்டுத் தேய்த்திருந்தால் கறையானின் சாட்சி அன்றோடு போயிருக்கும். முன்பு திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் அடங்கியிருந்த ஸ்ரீபுரந்தானின் நடராஜரைத் திரும்பப் பெற்றது வேறு விதமாக. 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய அந்தத் திருமேனி, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்பே எடுத்துவைத்திருந்த நிழற்படத்தால் அடையாளம் காணப்பட்டு, 2014 செப்டம்பரில் திருப்பியளிக்கப்பட்டது. புகைப்படம் இருந்த ஊர் தப்பியது. எல்லா ஊருக்கும் புகைப்படம் இல்லை.

அத்தையை நான் குறை சொல்லவில்லை. அவளுடைய கண்ணன் பூஜைக்கு வார்த்தவன். தேய்ந்து போவதும் அவன் கைங்கரியத்தில் சேர்ந்தது. அவனை யாரும் பரிசோதனைச் சாலைக்குக் கொண்டுபோகப் போவதில்லை. அவனுடைய மூக்கு அஞ்சு தலைமுறைப் பெண்களின் உள்ளங்கையில் போயிருக்கிறது. அதைவிட நல்ல இடம் அதற்குக் கிடைத்திராது. நான் சொல்ல வந்தது மண்ணிலிருந்து வருகிறவர்களைப் பற்றி. துறையூர்ப் பக்கத்திலோ பெரம்பலூர்ப் பக்கத்திலோ உங்கள் ஏர்முனையில் பச்சை நிறமாக ஏதாவது தட்டுப்பட்டால், பொன்னா என்று சுரண்டிப் பார்க்காதீர்கள், கழுவாதீர்கள், ஒட்டியிருக்கும் மண்ணை உதிர்க்காமல், கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, தாசில்தாருக்குச் சொல்லியனுப்புங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டின் சட்டம். புளியை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.